முதல் கவிதைத் தொகுப்பு: வாசிப்பு வட்டத்திலிருந்து வெளியீட்டு மேசை வரை

கொழும்பில் இளங்கவிஞர் ஒருவர் தன் முதல் தொகுப்பைக் கொண்டுவர நினைத்தால் ஆறு மாதம் ஒதுக்குவது நல்லது. அச்சு வேலைக்கு அதில் மூன்று, நான்கு கிழமை போதும். மற்றதெல்லாம் வாசிக்கவும் கேட்கவும் திருத்தவும் வேண்டிய காலம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இளையவர்களின் தொகுப்புகளோடு கூடவே நின்று வேலை செய்பவர்கள் நாங்கள். எல்லோரிடமும் நாங்கள் முதலில் சொல்வது இதுதான்: கவிதை நாலு பேர் காதில் தேறிய பிறகே அச்சுக்குப் போக வேண்டும்.

அதற்கொரு வாசிப்பு வட்டம் தேவை. ஆறு பேருக்குக் குறையக்கூடாது. பத்துப் பேரைத் தாண்டினால் எல்லோருக்கும் முறை வராது. கூட்டத்துக்கு ஒதுக்கும் இரண்டு மணித்தியாலத்தில் முதல் முக்கால் மணித்தியாலம் கவிதையே வேண்டாம், கதை மட்டும். அந்தக் கிழமை நடந்த ஏதாவது ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அறை வாடகைக்குக் கேட்கப் போன இடத்தில் வீட்டுக்காரர் கேட்ட கேள்விகள், சிங்களத்தில் மட்டும் தந்த படிவத்தை முச்சக்கரவண்டிச் சாரதியைக் கொண்டு நிரப்பியது, 'சொந்த ஊர் எது?' என்று கேட்டவர் பதிலைக் கேட்டதும் பேச்சை நிறுத்தியது என்று கதைகளுக்குக் குறைவே இருக்காது. இவற்றை ஆளாளுக்குத் தனியாகச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் 'எனக்கும் இதேதான் நடந்தது' என்று சொல்லிச் சிரித்ததும் பாரம் பாதியாகிவிடும். கதைக்க முடிந்ததை எழுதவும் முடியும். தலைநகருக்கு ஒற்றையாய் வந்து எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இந்த முக்கால் மணித்தியாலம் தருகிற தெம்பை வேறு எந்தப் பயிற்சிப் பட்டறையும் தந்து நாங்கள் பார்க்கவில்லை.

பிறகு வாசிப்பு. ஒவ்வொரு கவிதையையும் இரண்டு தரம் வாசிக்க வேண்டும்: முதலில் எழுதியவர், அடுத்து வேறொருவர். எழுதியவருக்குத் தன் கவிதையில் எங்கே மூச்சுவிடுவதென்று தெரியும்; தாளை முதன்முறை பார்ப்பவருக்குத் தெரியாது. இரண்டாமவர் தடக்குப்படும் இடத்தில் அடி பிழையாக உடைக்கப்பட்டிருக்கும், அல்லது ஒரு காற்புள்ளி வேண்டியிருக்கும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. கேட்டவர்கள் முதலில் மனதில் நின்ற வரியைச் சொல்ல வேண்டும், பிறகுதான் தொய்ந்த இடத்தை. அதுவரை எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. விளக்கம் சொல்லத் தொடங்கினால், கவிதையில் இல்லாததெல்லாம் விளக்கத்தில் வந்துவிடும்.

வட்டத்தில் சொல்லப்பட்ட கதை கவிதையானால் சொன்னவரிடம் அனுமதி கேட்க வேண்டும். எழுதி முடித்த வடிவத்தை அவருக்கே வாசித்துக் காட்டிக் கேளுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊர், வேலை, ஒழுங்கை இலக்கம் மூன்றும் சேர்ந்தாலே ஆள் பிடிபட்டுவிடுவார், கொழும்புத் தமிழ் வட்டம் அவ்வளவு சிறியது. அவர் வேண்டாம் என்றால் அந்தக் கவிதை தொகுப்பில் இல்லை, அவ்வளவுதான். இந்த ஒழுங்கு தளர்ந்தால் அடுத்த கூட்டத்தில் யாரும் உண்மைக் கதை சொல்ல மாட்டார்கள்.

நகைச்சுவை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் தொகுப்புக்குக் கவிதைகளைத் தெரிவுசெய்யும்போது இளையவர்கள் அநேகமாகச் சிரிப்புக் கவிதைகளை ஒதுக்கிவிடுகிறார்கள். கனமான புத்தகமென்றால் துயரம் மட்டும் இருக்க வேண்டும் என்ற எண்ணம். ஈழத்துக் கவிதையில் இதற்கு நேரெதிரான முன்னுதாரணம் உண்டு. மஹாகவி என்ற து. உருத்திரமூர்த்தி ஐந்தடியில், மூன்றாம் நான்காம் அடிகளைக் குறுக்கி, இயைபோடு எழுதிய குறும்பாக்கள் 1966இல் கொழும்பில் 'அரசு வெளியீடு' என்ற பதிப்பகத்தால் நூலுருப் பெற்றன. ஊரின் போலித்தனத்தையும் பெரிய மனிதர்களின் சின்னத்தனத்தையும் அவை சிரிப்பாலேயே தொட்டன. இன்று எழுதுபவருக்கும் அது நல்ல பயிற்சி. ஐந்தடிக்குள் ஆளைக் காட்டி, நிலைமையைக் காட்டி, கடைசி அடியில் கவிழ்க்க வேண்டும். ஒரு சொல் மிஞ்சினாலும் தெரிந்துவிடும்.

சிரிப்பு வராத சிரிப்புக் கவிதையில் பெரும்பாலும் இரண்டு குறைகள் இருக்கும். ஒன்று, சிரிக்க வைக்கும் சொல் அடியின் நடுவில் புதைந்திருக்கும். அதை அடியின் கடைசிக்கு நகர்த்தினாலே பாதி வேலை முடிந்தது. மற்றது, பகிடியைச் சொல்லிவிட்டு அடுத்த அடியில் அதற்கு விளக்கம் எழுதியிருப்பது. அந்த அடியை வெட்டிவிடுங்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதும் முக்கியம். படிவத்தைப் பார்த்துச் சிரிக்கலாம், அதைத் தந்த அலுவலகத்தைப் பார்த்தும் சிரிக்கலாம். நிரப்பத் தெரியாமல் நின்றவரைப் பார்த்துச் சிரிக்கும் கவிதை வட்டத்தையே உடைத்துவிடும்.

தெரிவு முடிந்ததும் பக்கக் கணக்கு. டெமி எட்டில் ஒன்று என்ற புத்தக அளவில் பதினாறு பக்கம் ஒரு 'போம்', அதாவது ஒன்றாக அச்சிட்டு மடிக்கும் தாள். ஆகவே 64, 80, 96 என்று போக வேண்டும். 83 பக்கம் என்றால் வெறுந்தாளுக்கும் காசு கொடுக்கிறீர்கள். முதல் தொகுப்புக்கு 80 அளவான பருமன். தலைப்புப் பக்கம், நூல் விபரம், சமர்ப்பணம், அணிந்துரை, என்னுரை, பொருளடக்கம் எல்லாம் பன்னிரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். மூன்று பேரிடம் அணிந்துரை வாங்கினால் அடங்காது, ஒன்று போதும். மிச்சப் பக்கங்களில் ஏறக்குறைய ஐம்பது கவிதை. பாரமான கவிதைகள் மூன்று நான்கு தொடர்ந்து வந்தால் நடுவே ஒரு சிரிப்புக் கவிதையை வையுங்கள். எது எங்கே என்பதைத் தீர்மானிக்க, முழுப் பிரதியையும் ஒரே இருப்பில் வட்டத்துக்கு வாசித்துக் காட்டுவதுதான் வழி. எந்த இடத்தில் கதிரைகள் அசையத் தொடங்குகின்றன என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கணனி வேலையில்தான் அதிகம் சேதமாகும். இலங்கையில் இன்னும் பல அச்சகங்கள் பாமினி எழுத்துருவில் வேலை செய்கின்றன. இளையவர்கள் தொலைபேசியில் யுனிகோட்டில் எழுதுகிறார்கள். இங்கிருந்து அங்கே மாற்றும்போது மேற்கோள் குறிகளும் கிரந்த எழுத்துகளும் குழம்பும். பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு வரும்போது வேறொரு பிழை. ரகர மெய்யைக் காலும் புள்ளியுமாகத் தட்டுவது பழைய பழக்கம். மாற்றியபின் 'அவர்' என்ற சொல் 'அவா்' என்று நிற்கும். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால் யாரும் கவனிப்பதில்லை. பின்னர் மின்னூலில் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. கால், புள்ளி இரண்டையும் சேர்த்துத் தேடி ரகர மெய்யாக மாற்றச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யுனிகோட்டில் வடிவமைப்பவர் உலக மொழிகளுக்கான பந்தி அமைப்பை (World-Ready Composer) தெரிவுசெய்யாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். முதல் பக்கத்திலேயே 'கொழும்பு' என்ற சொல்லைத் தட்டிப் பார்த்தால் போதும்.

எழுத்தளவு 11 புள்ளி, அடி இடைவெளி 16. இந்த அளவில் ஓர் அடியில் முப்பது எழுத்துக்குக் கிட்டத்தான் கொள்ளும். அதைவிட நீளமான அடி தானாக மடியும். வாசிப்பவர் அதைப் புது அடி என்று நினைப்பார். மடியும் துண்டை ஒரு சென்டிமீற்றர் உள்ளே தள்ளுங்கள், அல்லது எங்கே உடைப்பதென்று கவிஞரே சொல்லட்டும். வடிவமைப்பாளர் தானாக முடிவெடுக்கும்படி விடக்கூடாது.

ஒப்புநோக்குதல் மூன்று தரம், இரண்டு இரண்டு பேராக. ஒருவர் மூலப்பிரதியைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் அச்சுப்படியில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். கவிஞர் தனியே பார்த்தால் மனதில் உள்ளதையே வாசிப்பார். கொழும்பில் யாழ்ப்பாண வழக்கும் மட்டக்களப்பு வழக்கும் மலையக வழக்கும் முஸ்லிம்களின் பேச்சும் ஒரே மேசையில் சந்திக்கின்றன. ஒப்புநோக்குபவர் தனக்குப் பழக்கமில்லாத சொல்லைப் பிழையென்று 'திருத்திவிடும்' ஆபத்து உண்டு. கவிஞர் தன் வட்டாரச் சொற்களை ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

சர்வதேசத் தர நூல் எண்ணுக்குக் கொழும்பு 07 சுதந்திர மாவத்தையிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் விண்ணப்பிக்க வேண்டும். பதிப்பகம் இல்லாமல் எழுதியவரே வெளியிட்டாலும் பெறலாம். தலைப்பும் பக்க எண்ணிக்கையும் உறுதியானதும், அட்டை அச்சுக்குப் போகமுன் இதை முடியுங்கள். எண் நூல் விபரப் பக்கத்திலும், பட்டைக் குறியோடு பின்னட்டையிலும் வர வேண்டும். பட்டைக் குறி வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக இருக்கட்டும். அட்டையின் நிறத்துக்குப் பொருத்தமாக அதைச் சிவப்பாக்கினால் கடை இயந்திரம் வாசிக்காது. மின்னூலுக்குத் தனி எண். பதிப்புரிமைக்குத் தனியாகப் பதிவு எதுவும் வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியபோதே உரிமை பிறந்துவிடுகிறது, ஆயுட்காலத்தோடு மேலும் 70 ஆண்டு நிற்கும்.

உள்தாள் சதுர மீற்றருக்கு 70 அல்லது 80 கிராம், அட்டை 250 கிராம் ஆட் போர்ட், மேலே 'மற்' எனப்படும் மினுக்கமில்லாத லமினேற்றிங். 80 பக்கப் புத்தகத்தின் முதுகு நாலு மில்லிமீற்றர்தான் வரும். அதில் பெயரை அச்சிட்டால் மடிப்பு சிறிது விலகினாலும் எழுத்து முன்னட்டைக்கு ஏறிவிடும். முதுகை வெறுமையாக விடுவதே அழகு. 64 பக்கத்துக்குள் என்றால் பசைக் கட்டைவிட நடுத்தையல் நீடிக்கும். நூற்றைம்பது பிரதிக்குள் என்றால் டிஜிட்டல், முந்நூறுக்கு மேல் என்றால் ஓஃப்செட் என்று கணக்கிடலாம். நடுவில் இருந்தால் இரண்டுக்கும் விலைமனு எடுத்துப் பாருங்கள். காசைக் கட்டமுன் கட்டிய மாதிரிப் பிரதி ஒன்றைக் கேட்டு, நடுப்பக்கத்தை நன்றாக விரித்துப் பார்க்க வேண்டும்.

விலை போடும்போது அச்சுச் செலவை மொத்தப் பிரதிகளால் பிரிக்காதீர்கள். முந்நூறில் ஐம்பது இலவசமாகவே போகும்: பேச்சாளர்கள், பத்திரிகை விமர்சனத்துக்கு இரண்டிரண்டு, 'ஞானம்', 'ஜீவநதி' போன்ற சஞ்சிகைகள், நூலகங்கள், வட்டத்தில் கதை தந்தவர்கள். செலவை மிச்ச இருநூற்றைம்பதால் பிரித்து, விலையில் மூன்றில் ஒரு பங்கு கடைக்காரரின் கழிவாகப் போகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியீட்டுக்குக் கொழும்புத் தமிழ்ச் சங்கம் எல்லோருக்கும் தெரிந்த இடம், வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில். ஞாயிறு மாலைகளுக்குக் கேள்வி அதிகம், இரண்டு மாதம் முன்னரே பதியுங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா நாளைத் தெரிவுசெய்தால், அன்று கவியரங்கு நடத்திவரும் வலம்புரி கவிதா வட்டத்தின் நிகழ்வோடு மோதக்கூடும். வரவேண்டிய கேட்பவர்களே அங்கே இருப்பார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை என்று ஐந்தோடு நிறுத்தி, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று அழைப்பிதழ் அடிக்கமுன்னரே சொல்லிவிடுங்கள். உரைகளுக்கு நடுவே கவிஞர் தன் கவிதைகளில் மூன்றையாவது வாசிக்க வேண்டும், அதில் ஒன்று சிரிப்புக் கவிதையாக இருக்கட்டும். கவிதை கேட்காமல் கவிதை நூல் வெளியீடு முடிந்து போவதைப் பார்க்க எங்களுக்குத் தாங்காது. கொட்டாஞ்சேனைக்கும் வத்தளைக்கும் பஸ் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், ஏழு மணிக்குள் முடியுங்கள்.

வாசல் மேசைக்கு இரண்டு பேர். ஒருவர் புத்தகம் கொடுக்க, மற்றவர் வந்தவர்கள் காசு வைத்துத் தரும் கடித உறையை வாங்கியதும் அதன் மேல் வரிசை இலக்கம் போட்டு, அதே இலக்கத்துக்கு நேரே பெயரைக் கொப்பியில் எழுத வேண்டும். உறைகளை அங்கேயே பிரிக்கக்கூடாது. மாற்றிக் கொடுக்கச் சில்லறை நோட்டு ஒரு கட்டு தேவை.

அடுத்த கிழமையே கடைகளுக்குப் போங்கள். பூபாலசிங்கம் புத்தகசாலை வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும் இருக்கிறது. எந்தக் கடையானாலும் பத்துப் பத்தாகக் கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்கி, மூன்று மாதத்துக்கொரு தரம் நேரில் போய்க் கணக்குப் பாருங்கள். ஈழத்து நூல்களை இணையத்தில் தொகுத்துவைக்கும் 'நூலகம்' நிறுவனத்துக்கு ஒரு பிரதியும் அனுமதிக் கடிதமும் கொடுத்தால் இணையத்தில் பாதுகாப்பாக இருக்கும். புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு அதுதான் வழி. அரச சாகித்திய விருதுக்கு விண்ணப்பிக்கவும் பிரதிகள் வேண்டும். அதற்கென்று பத்துப் பிரதியைப் பொலித்தீனில் சுற்றி, நிலத்தில் படாமல் எடுத்து வையுங்கள், கடற்கரைப் பக்க வீடுகளின் உப்புக்காற்றில் அட்டை ஒரு வருடத்துக்குள் வளைந்துவிடும்.