ஸ்டேட்டிக் ஐபி கொடுத்த லினக்ஸில் தளப் பெயர் மட்டும் திறக்கவில்லையா?

மீன் கம்பெனியிலோ ஐஸ் கம்பெனியிலோ பில் போடும் லினக்ஸ் கணினியை மற்ற கணினிகள் தேடி வர வேண்டுமென்றால் அதற்கு ஸ்டேட்டிக் ஐபி (மாறாத முகவரி எண்) கொடுத்துவிடுவோம். கொடுத்த கையோடு "நெட் வரல" என்று குரல் வரும். பல நேரம் நெட் இருக்கும், பெயரைத் தேடி எடுப்பதுதான் நின்றிருக்கும்.

டெர்மினலில் பிங் 8.8.8.8 (கூகுளின் சர்வர் எண்) அடித்துப் பாருங்கள். அதற்குப் பதில் வந்து, தளப் பெயருக்கு மட்டும் 'டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்' என்று வந்தால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவையில். 8.8.8.8-க்கே பதில் இல்லையா? டிஎன்எஸ்ஸைத் தொடாமல் ரவுட்டருக்கு பிங் கொடுங்கள். ரவுட்டர் பதில் சொன்னால் கேட்வே (வெளியே போகும் வழியான ரவுட்டர்) எண்ணைச் சரிபாருங்கள். ரவுட்டரும் பேசவில்லையென்றால் ஐபி எண்ணையும் கேபிளையும் பாருங்கள். பாம்பன், மண்டபம் பக்கம் உப்புக்காற்றில் ஆர்ஜே45 பின்கள் பச்சை பூத்துவிடும். துடைத்துக்கொண்டிருப்பதைவிட முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்வதே மேல்.

காரணம் எளியது. டிஹெச்சிபி (தானாக எண் வழங்கும் முறை) இருந்தவரை ஐபி, நெட்மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் நான்கையும் ரவுட்டரே கொடுத்தது. மேனுவலுக்கு மாற்றியதும் நான்கும் நம் பொறுப்பு. முதல் மூன்றையும் நிரப்பிவிட்டு டிஎன்எஸ் கட்டத்தைக் காலியாக விடுவதுதான் வழக்கமான தவறு.

இங்கே பலரும் ஈடிசி கோப்புறையிலுள்ள ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறந்து நேம்சர்வர் வரியை எழுதுவார்கள். உடனே வேலை செய்யும், ரீபூட் செய்தால் போய்விடும். உபுண்டுவில் அது வெறும் சிம்லிங்க் (வேறொரு கோப்பைக் காட்டும் சுட்டி). உள்ளே 127.0.0.53 என்றுதான் இருக்கும், அதை எழுதுவது சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற பின்னணிச் சேவை. உண்மையில் எந்த சர்வரிடம் கேட்கிறது என்பதை 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' காட்டும். கோப்பை யாரும் மாற்ற முடியாதபடி 'சாட்டர் +ஐ' கட்டளை போட்டுப் பூட்டச் சொல்லும் யோசனையும் உலவுகிறது. அது அடுத்து வருபவருக்கு வைக்கும் பொறி.

டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸ், நெட்வொர்க், பல்சக்கரம், ஐபிவி4 என்று போய் டிஎன்எஸ் கட்டத்தில் 192.168.1.1, 8.8.8.8 எனக் கமா போட்டு எழுதுங்கள் (முதலாவது உங்கள் ரவுட்டரின் எண்). அப்ளை கொடுத்தால் மட்டும் போதாது, இணைப்பை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். உபுண்டு சர்வரில் நெட்பிளானின் யாமல் அமைப்புக் கோப்பில் நேம்சர்வர்ஸ், அதன் கீழே அட்ரஸஸ் என எழுதுங்கள். டேப் கூடாது, ஸ்பேஸ் மட்டுமே. 'நெட்பிளான் டிரை' கொடுத்தால் 120 விநாடிக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். தூரத்திலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் வேலை பார்ப்பவருக்கு இது பெரிய காப்பு. டெபியனில் இன்டர்ஃபேசஸ் கோப்பில் எழுதும் 'டிஎன்எஸ்-நேம்சர்வர்ஸ்' வரி, ரிசால்வ்கான்ஃப் போன்ற தொகுப்பு நிறுவப்படாவிட்டால் சத்தமில்லாமல் வீணாகும்.

ஃபைபர் அறுந்து செல்போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறும் நாளில் வேறொரு சிக்கல். வயர் இணைப்பில் எழுதிய ஐபியை வைஃபை இணைப்பிலும் எழுதாதீர்கள். போன் கொடுக்கும் வலையமைப்பு வேறு, அதை ஆட்டோமேட்டிக்கிலேயே விடுங்கள். இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் எண்ணைக் கையால் எழுதியிருந்தால், வேறு நிறுவனத்தின் இணைப்பிலிருந்து கேட்கும்போது அது பெரும்பாலும் பதில் தராது. இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் வயருக்கு மெட்ரிக் (முன்னுரிமை எண்) 100, வைஃபைக்கு 600 வைக்கிறது. எண் குறைந்தவருக்கே முதல் வழி. ஃபைபர் செத்திருந்தாலும் ரவுட்டர் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் வயர் உயிரோடு இருப்பதாகவே கணினிக்குத் தோன்றும். நெட்வொர்க்மேனேஜரின் இணையச் சோதனை இயங்கினால், வயரின் மெட்ரிக்கில் 20,000 கூட்டி அதைப் பின்னே தள்ளும். அது நிறுத்தப்பட்ட கணினியில் கேபிளைப் பிடுங்கிவிடுவதே சுருக்குவழி.

டிஎன்எஸ்ஸைச் சோதிக்கும் 'டிக்' கட்டளை பதில் தருகிறது, மற்ற நிரல்கள் மட்டும் தடுமாறுகின்றன என்றால் 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' கொடுத்துப் பாருங்கள். டிக் நேராக சர்வரைக் கேட்கும், கெட்என்ட், பெயரை எங்கெங்கே தேடுவது எனக் குறிக்கும் என்எஸ்எஸ்விட்ச்.கான்ஃப் கோப்பு சொல்லும் வரிசையில் போகும். அலுவலகக் கணினிக்கு '.லோக்கல்' என முடியும் பெயர் வைத்திருந்தால், அங்கே எம்டிஎன்எஸ் (சர்வர் இல்லாமல் உள்வலையில் பெயர் தேடும் முறை) குறுக்கே நின்று 'இல்லை' என்று அனுப்பிவிடும். பிரவுசர் மட்டும் திறக்கிறது, ஆப்ட் அப்டேட் நடக்கவில்லை என்றால் பிரவுசர் தன் சொந்த செக்யூர் டிஎன்எஸ்ஸைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். அதை வைத்து டிஎன்எஸ் சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதிலின் டிஜிட்டல் கையெழுத்தைப் பார்க்கும்) சரிபார்ப்பை இயக்கியிருந்தால் கடிகாரத்தையும் பாருங்கள். பழைய மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால் கரண்ட் போய் வந்ததும் தேதி பின்னுக்குப் போய்விடும், கையெழுத்துகள் செல்லாதவையாகிப் பெயர்கள் தோற்கும். தேதியைத் திருத்தி, 'ரிசால்வ்சிடிஎல் ஃபிளஷ்-கேச்சஸ்' கொடுத்துவிட்டுத் திரும்பக் கேளுங்கள்.