ஈரும் பேனும் நாப்கின் மூலையும்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் ஒன்பது வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். மேஜை விரிப்பு, நாப்கின், சமையலறைத் துண்டு எல்லாம் இங்கிலாந்துக்குப் போகும். சரக்கை வாங்கும் கம்பெனி, அதாவது பையர், அனுப்பும் மெயிலைப் படித்து, செக்கிங் பிரிவுக்குத் தமிழில் சொல்வதுதான் என் வேலையில் பாதி.

அதில் ஒரு மெயில் இன்னும் மறக்கவில்லை. "ஐ டோன்ட் வாண்ட் டு நிட்பிக், பட்..." என்று ஆரம்பித்து, நாப்கினின் மூலைத் தையலைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நிட் என்றால் ஈர். தலையில் ஒவ்வொரு ஈராகத் தேடி எடுப்பதுபோல நுணுகி நுணுகிக் குறை கண்டுபிடிப்பது நிட்பிக்கிங். அமெரிக்காவில் 1950களில் பரவிய சொல். நம்மிடம்தான் ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது இருக்கிறதே. பெரிதாக்க விரும்பவில்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், அப்புறம் என்ன என்று எடுத்துக்கொண்டேன். செக்கிங் அக்காவிடம், "சின்ன விஷயம்தாங்க்கா, அடுத்த லாட்ல பாத்துக்கலாம்" என்றேன். "அப்படின்னா சரி கண்ணு" என்று அவரும் பேக்கிங்குக்கு விட்டுவிட்டார்.

சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்பும் முன் பையரின் ஆள் வந்து கார்ட்டன்களைப் பிரித்தார். ஒரு நாப்கினை எடுத்து மூலையை விரலால் நெருடினார். மடிப்புத் தையல் முடியும் இடத்தில் ரிவர்ஸ் போடவில்லை, அதாவது நூல் பிரியாமல் இருக்கப் பின்னோக்கி நாலு தையல் போடவில்லை. நூல் முனை அரை இஞ்சு வெளியே நின்றது. லேசாக இழுத்தார், நாலு தையல் பிரிந்து வந்தது. துவைத்தால் மூலையே வாய் பிளந்துவிடும். மொத்த லாட்டும் நின்றது. மூன்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பத் தைத்தார்கள். அக்கா என்னை ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் பழைய மெயில்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். அவர்கள் குறை சொல்லும்போது முதலில் தங்களையே குறைத்துக்கொள்கிறார்கள். "சாரி டு ஹார்ப் ஆன்" என்று எழுதுவார்கள். ஹார்ப் யாழ் மாதிரி ஒரு நரம்புக் கருவி. ஒரே நரம்பையே மீட்டுகிறேன், மன்னியுங்கள் என்கிறார்கள். நாம் பாடின பாட்டையே பாடுவது என்கிறோமே, அதுதான். நச்சரிப்பதற்கு அவர்கள் சொல்லும் நேக், கொறிப்பது என்று பொருள்படும் ஸ்காண்டிநேவியச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். நம் நச்சரிப்பிலும் ஓர் அரிப்பு இருக்கிறது. மன்னிப்பு கேட்பது தொணதொணத்ததற்கு மட்டும்தான். சொன்ன குறை அப்படியே நிற்கும். நம் பக்கம் சத்தம் பெரிதாக இருக்கும், "ஏன்யா உயிரை வாங்குறீங்க" என்று முதலாளி கத்துவார், சாயங்காலத்துக்குள் அது ஆறிவிடும். அந்தக் காதோடு மெயிலைப் படித்தேன், அதனால்தான் தவறினேன் என்று நினைக்கிறேன்.

அதே சொல்லை எதிராளியைப் பார்த்துச் சொன்னால் கதையே வேறு. "நீங்கள் நிட்பிக் செய்கிறீர்கள்" என்பது அவமானப்படுத்துவது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், பையர் தினமும் தேதி கேட்ட எரிச்சலில், "ப்ளீஸ் கெட் ஆஃப் அவர் பேக்" என்று பதில் தட்டி வைத்திருந்தான். ப்ளீஸ் போட்டால் மரியாதை ஆகிவிடும் என்று நம்பியிருந்தான், பாவம். முதுகை விட்டு இறங்கு என்கிற அதட்டல் அது. அனுப்பும் முன் பார்த்துவிட்டேன். "நாளைக்குள் தேதி சொல்கிறோம்" என்று மட்டும் எழுதவைத்தேன்.

அந்த லாட்டுக்குப் பிறகு மெயிலில் மன்னிப்பு வரும் வரியைத் தாண்டி, குறையை மட்டும் அக்காவிடம் சொல்வேன். அவரும் விடமாட்டார். "ஈரா பேனா கண்ணு?" என்று கேட்பார். "பேன்தாங்க்கா" என்றால், நாப்கினை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய்விடுவார்.