தோல் உறையோடு வந்த வால்தர்

ஆகஸ்ட் 11, 2024, ஞாயிறு

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் ஒரு பெரியவர் வீட்டில் அந்த பிஸ்டலைப் பார்த்தேன். வால்தர் என்ற ஜெர்மன் கம்பெனியின் பிபி மாடல், .32 தோட்டா போடுவது. அவருடைய அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அவர் காலத்துச் சாமான். ஸ்லைடில், அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தில், மனுரேன் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் முத்திரை இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ஜெர்மனியில் துப்பாக்கி செய்ய முடியாததால் 1952-லிருந்து வால்தர் இதை பிரான்சில் செய்யக் கொடுத்திருந்தது.

விலையைக் கேட்டால் நல்ல நிலையில் ஒரு பழைய காரே வாங்கிவிடலாம். 1980-களில் தனியார் இறக்குமதி நின்றதிலிருந்து வெளிநாட்டுப் பழசுக்கு இப்படி ஒரு மவுசு, 9 எம்.எம். தோட்டா போடும் பிஸ்டல் சட்டப்படி நம்மைப் போன்றவர்களுக்குக் கிடையாது என்பதால் எல்லோரும் .32-க்கே மோதுகிறோம்.

தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, காலி என்று விரல் விட்டும் பார்த்தபிறகு டார்ச் அடித்தேன். பேரல் உள்ளே சுத்தமாக இருந்தது. அப்புறம் பென்சில் சோதனை. பேரலுக்குள் ஒரு பென்சிலை நழுவவிட்டு, பேரல் வாயை மேலே பார்க்கப் பிடித்து, பின்பக்கச் சுத்தியை ஏற்றி, சேஃப்டியைக் கீழே தள்ளினால் சுத்தி விழும், பென்சில் அசையக்கூடாது. மூன்று தடவையும் அசையவில்லை. பென்சில் எகிறினால் சேஃப்டி போட்டும் உள்ளே ஊசி அடிக்கிறது என்று அர்த்தம், அப்படியிருந்தால் சும்மா கொடுத்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

ஆனால் வலது பக்கம் முழுக்கப் பொரிப்பொரியாகத் துரு. பல வருஷமாகத் தோல் உறைக்குள்ளேயே வைத்திருக்கிறார். தோலைப் பதப்படுத்திய உப்பும் குருசுக்குப்பத்துக் கடல் காற்றும் சேர்ந்தால் இரும்பு என்ன ஆகும்!

ஆகஸ்ட் 13

விற்கப்போவதாக அவர் அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவித்தாயிற்று. சட்டப்படி இனி 45 நாள் காத்திருக்க வேண்டும். டீக்கடையில் நண்பன், "வாஞ்சிநாதன் வச்சிருந்த மாதிரியாடா?" என்றான். 1911-இல் மணியாச்சியில் சுட்டது பெல்ஜியத்துப் பிரவுனிங், இது வேற என்றேன். அதற்குள் அவன் வ.வே.சு. ஐயர் இங்கே வாஞ்சிக்குப் பயிற்சி கொடுத்த கதைக்குப் போய்விட்டான்.

செப்டம்பர் 30

கைக்கு வந்துவிட்டது, என் லைசென்சிலும் ஏறிவிட்டது. உறையை வேண்டாம் என்றேன். "அப்பா இடுப்புல இருந்தது தம்பி, ரெண்டையும் பிரிக்காதீங்க" என்றார். சரி என்று வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 6

இன்று முழுக்க இதே வேலை. டிரிகரைச் சுற்றியுள்ள வளையமான டிரிகர் கார்டைக் கீழே இழுத்து ஒரு பக்கமாகச் சாய்த்து, ஸ்லைடைக் கடைசிவரை பின்னால் இழுத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, முன்னால் விட்டால் கழன்றுவிடும். பேரல் சட்டத்தோடு நிலையாக நிற்கும், அதைச் சுற்றித்தான் ஸ்பிரிங். மெல்லிய எண்ணெயைத் துரு மேல் தடவி ஊறவிட்டு, பழைய பனியன் துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தேன், உப்புத்தாள் பக்கமே போகவில்லை, அது துருவோடு கருநீல மெருகையும் கொண்டுபோய்விடும். பள்ளங்கள் அப்படியேதான் இருக்கின்றன, இருக்கட்டும். ஸ்பிரிங் மட்டும் தளர்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

இன்னொன்று, .32 தோட்டாவின் பின்விளிம்பு லேசாக வெளியே நீட்டியிருக்கும். மேகசினில் போடும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ் தோட்டாவுடையதற்குப் பின்னால் போனால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். அவசரமாக அமுக்கினால் இப்படித்தான் ஆகிறது.

டிசம்பர் 2

ஃபெஞ்சல் புயல். ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் மழை. ஹாலில் முழங்கால் தண்ணீர். பிஸ்டல் மாடி பீரோ லாக்கரில் எண்ணெய்த் துணிக்குள் இருந்தது, ஒரு புள்ளி துரு இல்லை. தோலோடு சேர்த்து வைக்கக்கூடாது என்று உறையைக் கீழே ஆணியில் மாட்டியிருந்தேன்.

சாயங்காலம் பெரியவர் போன் பண்ணினார். பிஸ்டலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உறை நனைஞ்சுதா தம்பி?" என்றார். நனையவில்லை ஐயா என்று சொல்லிவிட்டு, மின்விசிறிக்கு அடியில் விரித்துப் போட்டிருந்ததைத் திருப்பிப் போட்டேன்.