ஆழமானி காட்டிய 3.4 மீட்டரும் சேற்றில் கழிந்த நாலு மணி நேரமும்

மும்பை ட்ராம்பே ஜெட்டியிலிருந்து கிளம்பிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. திரையில் ஆழம் 3.4 மீட்டர் என்று இருந்தது. எங்கள் படகுக்கு ஒரு மீட்டர் தண்ணீர் இருந்தாலே தாராளம். அடுத்த நிமிடம் எஞ்சின் சத்தம் கனத்தது, பின்னால் கறுப்பாகச் சேறு கிளம்பியது, படகு அப்படியே உட்கார்ந்துவிட்டது. வத்தம், அதாவது கடல்மட்டம் இறங்கிக்கொண்டிருந்த நேரம். சித்தப்பா கழியை எடுத்து ஊன்றினார். இடுப்பளவு சேற்றுக்குள் போனது. இறங்கித் தள்ளும் பேச்சுக்கே இடமில்லை. ஏற்றம் திரும்பி வந்து படகு மிதக்கும்வரை நாலு மணி நேரம் செப்டம்பர் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு நேரமும் அந்தத் திரை 3.4 என்றேதான் காட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. எக்கோ சவுண்டர் (ஒலியை வைத்து ஆழம் காட்டும் ஆழமானி) மாட்டப்போகிற வேறு யாருக்கும் இது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு சீட்டா கேம்ப். படகு 22 அடி ஃபைபர், பின்னால் அவுட்போர்டு எஞ்சின். எனக்கும் சித்தப்பாவுக்கும் ட்ராம்பே கோலிவாடா என்ற மீனவர் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு கூட்டாளிக்கும் பங்கு. அவரை நாங்கள் பாவ் என்றுதான் கூப்பிடுவோம். விடுமுறை நாளில் தாணே கழிமுகத்தில் கொடுவாவுக்குத் தூண்டில் போடுவோம். பாவ் அதை ஜிதாடா என்பார். சித்தப்பா தூத்துக்குடியில் வள்ளத்தில் போன மனிதர், ஆழத்தை இன்றைக்கும் பாகத்தில்தான் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) சொல்வார். ஆனால் அவருடைய அனுபவம் இந்த ஓடையில் செல்லாது. தூத்துக்குடியில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவுதான். மும்பையில் அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி 4 மீட்டரைத் தாண்டும். காலையில் படகு ஓடிய இடம் மத்தியானம் நாரை நடக்கும் சேறாகிவிடும். அதனால்தான் எக்கோ வாங்கலாம் என்று முடிவு செய்தோம்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. படகு கரையில் ஏறியிருக்கும் அந்த இரண்டு மாதத்தில் வேலையை முடித்துவிடத் திட்டம். தெற்கு மும்பையில் ஒரு கடையில் வாங்கினேன். பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் டிரான்ஸ்டியூசரின் (தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி வாங்கும் சென்சார்) பிளக்கும் திரையின் பின்பக்கத் துளையும் பொருந்தவில்லை. ஒன்றில் ஏழு முள், மற்றதில் ஒன்பது. சென்சார் பழைய மாடலாம், அடாப்டர் தனியாக வாங்க வேண்டுமாம். அதற்கு ஒரு நாள் லீவு, இன்னொரு நடை. கடையிலேயே இரண்டையும் செருகிப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்.

கடைக்காரர் காட்டிய டெமோவும் அணையாமலேயே வந்திருந்தது. கரையில் நிற்கும் படகில் பெட்டியைப் போட்டதும் 14 மீட்டர் ஆழம், வரிசையாக மீன். சித்தப்பா பார்த்துவிட்டு, "தரையில நிக்கிற படகுக்கு அடியில ஏதுடா தண்ணி?" என்று கேட்ட பிறகுதான் மெனுவில் போய் சிமுலேட்டரை அணைத்தேன். இது சின்ன விஷயம்தான். ஆனால் தண்ணீரில் இறங்கிய பிறகு அந்தப் பொய் எண்ணை நம்பினால் ஆபத்து. முதலில் இதைப் பாருங்கள்.

திரை, பிராக்கெட், வயர் எல்லாம் ஒரு பொழுதில் முடிந்தது. நான் தவறியது டிரான்ஸ்டியூசரில்தான்.

இந்தக் கருவி செய்வது ஒரே வேலை. ஒலியைக் கீழே அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பிவர ஆகும் நேரத்தை அளக்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் போகும். போன நேரமும் வந்த நேரமும் சேர்ந்திருப்பதால் பாதியாக்கினால் ஆழம். 3 மீட்டர் ஆழம் என்றால் எல்லாம் 4 மில்லி நொடியில் முடிந்துவிடும். இதற்குப் பெரிய எதிரி காற்று. டிரான்ஸ்டியூசர் முகத்தில் குமிழி ஓடினால் ஒலி அங்கேயே சுவரில் முட்டியதுபோலத் திரும்பிவிடும், தரையைப் பார்க்கவே பார்க்காது.

நான் அதை மாட்டியது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஒரு மேட்டுக்கு நேர் பின்னால். பின்பலகையில் அந்த இடம் சமமாக இருந்தது, கேபிளும் சுலபமாக எட்டியது. அந்த மேடு வேகத்தில் தண்ணீரைக் கிழித்து நுரையாக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போதாக்குறைக்கு எஞ்சினின் இடப்பக்கம் மாட்டியிருந்தேன். பின்னாலிருந்து பார்க்கும்போது புரொப்பல்லர் வலச்சுற்றாகச் சுழன்றால் டிரான்ஸ்டியூசர் வலப்பக்கம்தான் வர வேண்டும். பெரும்பாலான ஒற்றை எஞ்சின் படகு அப்படித்தான். அந்தப் பக்கம் இறக்கைகள் கீழ்நோக்கி இறங்கும், தண்ணீர் கலங்குவது குறைவு.

ஆகஸ்டில் நாரளி பௌர்ணமிக்கு கோலிவாடாவில் கடலுக்குத் தேங்காய் விட்ட பிறகு படகை இறக்கினோம். ஜெட்டி ஓரத்தில் எண் துல்லியமாக வந்தது. மெதுவாக ஓட்டினால் வந்தது. வேகம் பிடித்ததும் எண் சிமிட்டத் தொடங்கியது. வெயிலில் திரை மங்குகிறது என்று விட்டுவிட்டேன். கையேட்டின் நடுப்பக்கத்தில் இருந்த ஒரு வரியைச் சேற்றில் மாட்டிய பிறகுதான் படித்தேன்: எண் சிமிட்டினால் தரை கிடைக்கவில்லை, காட்டுவது கடைசியாகக் கிடைத்த ஆழம். அந்த 3.4 எங்கோ பின்னால், நாங்கள் வேகம் பிடிப்பதற்கு முன் இருந்த ஆழம். சில மாடலில் எண்ணுக்குப் பதில் கோடு வரும், சிலவற்றில் சிமிட்டும். உங்களுடையது எப்படி என்று ஜெட்டியை விட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பெட்டிதான் கோளாறு என்று நினைத்து டிரான்ஸ்டியூசரைக் கழற்றிச் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் பில்லைப் பார்த்தார். சீரியல் நம்பர் இல்லை, எடுக்க மாட்டோம் என்றார். பெட்டியிலேயே நம்பர் ஒட்டியிருக்கிறது என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பக் கடைக்குப் போனால், பில் போடுகிறவர் ஊருக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள். திங்கட்கிழமை பழைய பில்லிலேயே பேனாவால் நம்பரை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். ஐந்து நிமிட வேலைக்கு மூன்று நடை. வாங்கும்போதே திரைக்கும் டிரான்ஸ்டியூசருக்கும் தனித்தனியாகச் சீரியல் நம்பர் பில்லில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அந்த நடைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு நல்லது நடந்தது. உள்ளே சோதித்துப் பார்த்த பையன் தாராவித் தமிழ்ப் பையன். டிரான்ஸ்டியூசரைக் காதருகே பிடித்து, 'டிக் டிக்' சத்தம் வருகிறதா என்று பார்த்தான். ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வெப்பநிலை சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்தான். பிறகு, "அண்ணா, எண் எப்போ போகுது? படகு ஓடும்போதா, எஞ்சின் ஓடும்போதா?" என்று கேட்டான். எனக்குப் புரியவில்லை. அவனே விளக்கினான். படகை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை முறுக்கும்போது திரை கெட்டால் அது கரண்டுப் பிரச்சினை. எஞ்சின் முறுக்கியும் நன்றாக இருந்து, படகு ஓடும்போது மட்டும் கெட்டால் அது காற்று, மாட்டிய இடம் தப்பு. இந்த ஒரு கேள்வியை யாராவது முதல் நாளே என்னிடம் கேட்டிருந்தால் அந்த நாலு மணி நேரம் மிச்சம்.

அந்த வாரமே சோதித்தேன். எங்கள் படகில் இரண்டுமே இருந்தது.

கரண்டு விஷயம் முதலில். எஞ்சினை முறுக்கினால் திரை முழுக்கப் பனித்தூறல் மாதிரிப் புள்ளி, அடித்தண்ணீர் பம்ப் ஓடினால் நெட்டுக்குத்தாகக் கோடு, ஸ்டார்ட்டர் அடித்தால் பெட்டியே அணைந்து மறுபடி எழுந்தது. பழைய பைக் பேட்டரி ஒன்றை எடுத்துப்போய்த் திரைக்கு மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தேன். துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். விளக்கு சுவிட்சுக்குப் போகும் வயரிலிருந்து நான் கரண்ட் பிரித்திருந்ததுதான் காரணம். பேட்டரியிலிருந்தே நேராக ஒரு தனி வயர் இழுத்து, பேட்டரி அருகிலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டேன். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கம்பி உப்புக் காற்றில் உள்ளேயே பச்சை பிடித்துவிடும். டிரான்ஸ்டியூசர் கேபிளை வயர்லெஸ் ஆன்டெனா வயரோடு சேர்த்துக் கட்டியிருந்ததையும் பிரித்தேன். மிஞ்சிய கேபிளை வெட்டிச் சுருக்கச் சொல்லித் தெரிந்த எலக்ட்ரீஷியன் சொன்னார். நல்லவேளை கேட்கவில்லை. அதை வெட்டவே கூடாது, வாரண்டியும் போய்விடும்.

அப்புறம் இடம். பாவ் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு வேகமாக ஓட்ட, நான் பின்பலகை மேல் குப்புறப் படுத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டுக்குப் பின்னால் வெள்ளையாக நுரை ஓடியது. எஞ்சினுக்கு வலப்பக்கம், இரண்டு மேட்டுக்கும் நடுவில் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கேதான் சாக்பீஸால் குறித்தேன். இதைச் செய்யாமல் எந்தப் படகிலும் துளை போடாதீர்கள்.

பழைய துளைகளை எபாக்ஸியால் அடைத்தேன். இந்தத் தடவை டிரான்ஸ்டியூசரை நேராகப் படகில் திருகவில்லை. தடிமனான வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை ஒன்றை, சமையலறையில் காய் நறுக்குவோமே அதே வகை, இரண்டே திருகில் பின்பலகையில் பொருத்தி, அதன் மேல் டிரான்ஸ்டியூசரை மாட்டினேன். இனி ஏற்ற இறக்க வேண்டுமென்றால் பலகையில்தான் துளை விழும், படகில் அல்ல. அந்தப் பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது, திருகுதான் வேண்டும். ஃபைபரில் துளையிடும்போது முதலில் டிரில்லை ரிவர்ஸில் ஓட்டி மேல்பூச்சைச் சுரண்டிவிட்டு அப்புறம் நேராக ஓட்டினால் அந்தப் பூச்சு (ஜெல்கோட்) வெடிக்காது. துளைக்குள் படகுக்கென்று விற்கும் பாலியூரித்தேன் சீலன்ட்டை நிறைய வைத்துத் திருகினேன். டிரான்ஸ்டியூசர் முகம் படகின் அடியைவிட 3 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். அது ஃபைபருக்கான அளவு, அலுமினியப் படகுக்கு 10 மில்லிமீட்டர்.

காட்டும் எண் உண்மைதானா என்பதைக் கயிறு போட்டே பார்த்தோம். சித்தப்பா கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, முனையில் ஈயக்கட்டிக்குப் பதில் ஒரு தட்டையான இரும்புத் தகட்டைக் கட்டினார். ஈயக்கட்டி சேற்றில் இறங்கிக் கணக்கைக் கெடுக்கும். கயிறு 3.2 சொன்னது, திரை 2.9. டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது, கணக்கு சரி. மெனுவில் ஆஃப்செட் என்ற திருத்த அளவில் 0.3 கூட்டினேன். எஞ்சின் காலுக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் என்று காட்டும்படி கழித்து வைக்கலாம் என்பது என் எண்ணம். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "கடல் எத்தனை பாகமோ அதைக் காட்டட்டும், மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றார். சரி என்று நீர்மட்டக் கணக்கிலேயே விட்டு, 1.5 மீட்டருக்கு அலாரம் வைத்தேன். எதை வைத்தாலும் படகில் ஏறும் எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

ஓடைக்காரர்களுக்கு ஒன்று. எங்கள் கருவியில் 200 கிலோஹெர்ட்ஸ், 83 கிலோஹெர்ட்ஸ் இரண்டும் உண்டு. இளஞ்சேற்றில் இரண்டும் ஒரே ஆழம் காட்டவில்லை, ஒரு சாண் வித்தியாசம் வந்தது. அதிர்வெண் (கிலோஹெர்ட்ஸ்) குறையக் குறைய ஒலி கூழ் மாதிரிச் சேற்றுக்குள் கொஞ்சம் இறங்கித்தான் திரும்பும். 200 சேற்றின் மேல்மட்டத்திலேயே திரும்பிவிடும். வழி பார்த்து ஓட்டும்போது 200-லேயே வைத்திருங்கள், தப்பாகக் காட்டினாலும் ஆழத்தைக் குறைத்துத்தான் காட்டும், அது பாதுகாப்பு.

அக்டோபரில் ஒரு பவுர்ணமி வத்தத்தில் அதே இடத்துக்கு வேண்டுமென்றே போனோம். முழு வேகத்தில் எண் சிமிட்டவில்லை. 3.1, 2.6, 2.2 என்று ஒவ்வொன்றாக இறங்கியது. வேகத்தைக் குறைத்தோம். 1.5-ல் அலாரம் அடித்தது. சித்தப்பா ஒன்றும் பேசாமல் எஞ்சினைத் திருப்பினார். பாவ் கழியை ஊன்றிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது ஒவ்வொரு தடவை கரையேறியதும் டிரான்ஸ்டியூசர் முகத்தைத் துணியால் துடைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு நீரை லேசாகத் தடவி வைக்கிறேன். குமிழி ஒட்டாது. கொட்டலசு (படகின் அடியில் ஓட்டோடு ஒட்டி வளரும் சின்னக் கடலுயிர்) பிடித்தால் கத்தியால் சுரண்டாதீர்கள், மெல்லிய உப்புத்தாள் போதும். அடுத்த ஜூனில் படகுக்கு வர்ணம் அடிக்க ஆள் வரும்போது கூடவே நிற்கப்போகிறேன். படகின் அடிக்குப் பூசும் கரைப்பான் கலந்த பெயின்ட் அந்தப் பிளாஸ்டிக் முகத்தைத் தின்றுவிடும், நீர் கலந்த வகைதான் ஆகும். பெயின்டருக்கு அது தெரிந்திருக்கும் என்று நான் விடப்போவதில்லை.