ஆடிக் காற்றும் ஒரு கயிறும்

விமான எஞ்சினில் டர்பைனுக்குப் பின்னால் வரும் பகுதிதான் என் வேலை. சுழலும் பிளேடுகளை விட்டு வாயு திருகிக்கொண்டே வரும். அதை நேராக்கி அனுப்ப அங்கே அசையாத தகடுகள் நிற்கும். ஒவ்வொரு பிளேடும் தனக்குப் பின்னால் ஒரு கலங்கலை விட்டுச் செல்கிறது. அது தகட்டில் மோதும்போது சத்தம் பிறக்கிறது. விமானம் புறப்படுகையில் ஜெட் இரைச்சல் இதை அமுக்கிவிடும். தரையிறங்க வரும்போதுதான் தனியாகக் காதில் விழும்.

இதில் எண்ணிக்கைதான் விளையாட்டு. 72 பிளேடுக்கு 12 தகடு வைத்தால், 72 பன்னிரண்டால் மீதியின்றி வகுபடுவதால், அத்தனை தகடும் ஒரே கணத்தில் அடி வாங்கும். சிங்காரி மேளத்தில் எல்லாச் செண்டையும் சேர்ந்து விழுகிற அடி மாதிரி. 13 வைத்தால் ஒவ்வொன்றாக அடி விழும், சத்தம் குழாய்க்குள் சுழலும் ஒரு கோலமாகிவிடும். அந்தக் கோலம் மெதுவாகச் சுழன்றால் வெளியே வராமல் உள்ளேயே தேய்ந்துவிடும். டைலர், சோஃப்ரின் என்ற இரண்டு எஞ்சினியர்கள் 1962-ல் போட்ட கணக்கு இது. 13 போட்டதும் எல்லாம் அடங்கிவிடும் என்றில்லை, அங்கிருந்துதான் எங்கள் தலைவலியே தொடங்கும்.

ஒருமுறை சோதனையில் 2000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு விசில். கணக்கில் அப்படி ஒன்றுமே இல்லை. மூன்று வாரம் தகடுகளையே சந்தேகப்பட்டோம். வேகத்தைக் கூட்டினால் விசிலும் ஏறியது, அதனால் சுழலும் பாகம்தான் காரணம் என்று நானே அடித்துச் சொன்னேன்.

அந்த ஆடியில் ஆரல்வாய்மொழி வீட்டுக்கு வந்திருந்தேன். கணவாய்க் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு எங்கள் மொட்டைமாடியையும் உலுக்கும். அங்கே பழைய ஆன்டெனா பைப், ஒன்றரை இஞ்ச். நான் சின்னப் பையனாக இருந்தபோது அது ராத்திரி முழுக்க 'உம்ம்' என்று இரையும். அப்பா அதில் கயிற்றைக் கொடி மாதிரி சுற்றிவிட்டார், சத்தம் நின்றது. பைப்பின் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கழலும் சுழிகளைக் கயிறு குலைத்துவிடுகிறது என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன். அந்தச் சுழிகள் கழல்வதுதான் இரைச்சல். காற்றின் வேகத்தையும் பைப்பின் தடிமனையும் வைத்து அதைக் கணக்கிடலாம், நொடிக்கு 15 மீட்டர் காற்று என்றால் சுமார் 80 ஹெர்ட்ஸ் வரும்.

படுத்துக்கொண்டே அதே கணக்கை எங்கள் ரிக்குக்கு, அதாவது அந்த விசில் வந்த சோதனை அமைப்புக்கு, போட்டேன். அளவெடுக்க உள்ளே நீட்டியிருந்த கம்பி 6 மில்லிமீட்டர், காற்று நொடிக்கு 60 மீட்டர். சரியாக 2000.

திரும்பிப் போய், சுழல்வேகத்தை மாற்றாமல் காற்றை மட்டும் குறைத்தோம். விசில் இறங்கியது. அதுவரை இரண்டையும் சேர்த்தே மாற்றிக்கொண்டிருந்தோம், அதுதான் முட்டாள்தனம். அப்புறம் அளவுக்கம்பியில் மெல்லிய கம்பி ஒன்றைச் சுற்றினேன், விசில் போயிற்று. ஒருத்தரும் பாராட்டவில்லை, மூன்று வாரம் போனதைத்தான் கேட்டார்கள்.

போன ஆடியில் அப்பா சொன்னார்: "மக்களே, கயிறு இத்துப் போச்சு, பைப்பு பழையபடி இரையுது. வேற ஒண்ணு சுத்திட்டுப் போ." டிஷ் வந்து பல வருஷமாகிறது. இருந்தும் அந்தப் பைப்பை யாரும் கழற்றவில்லை. கயிறு வாங்கக் கடைக்குப் போனேன்.