குதிகால்

மே 12, திங்கள்
செவிலியர் தினம். கல்லூரியில் மெழுகுவத்தி, உறுதிமொழி எல்லாம் நடந்திருக்கும். நானும் என் மாணவிகளும் காலை 7 மணிக்கே இங்கே, முதியோர் வார்டில். ஆறு பேர், பெங்களூரு லிங்கராஜபுரம் ஸ்டாப்பில் இறங்கி மழையில் நனைந்த ஷூவோடு வந்தார்கள். முதல் கேள்வியே, "மேடம், ஐசியூ போஸ்டிங் எப்போ?"

மே 13
ஏழாம் படுக்கைப் பாட்டி. இடது குதிகால். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, புறங்கையை வைத்தால் சூடு.

மே 14
படுக்கைப்புண்ணின் முதல் நிலை என்றால் தோல் சிவந்திருக்கும், விரலால் அழுத்தினாலும் வெளுக்காது என்று மாணவிகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பாட்டி நல்ல கறுப்பு, அந்தத் தோலில் சிவப்பை எங்கே போய்த் தேடுவது? நம் ஊரில் பாதிப் பேருக்கு இது கண்ணில் தெரியாது, கையில்தான் தெரியும். முதலில் வலது குதிகாலைத் தொடச் சொன்னேன், அப்புறம் இடது. ஓசூர்ப் பெண் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாள். "இது சுடுது மேடம். கெட்டியாவும் இருக்கு." அவ்வளவுதான், எனக்கு நாள் முழுக்கச் சந்தோஷம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்க வைத்தோம். ஆல்பா பெட், அதுதான் காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தை, போட்டிருக்கிறதே என்று யாரோ கேட்டார்கள். போட்டிருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைத் திருப்பிப் படுக்கவைக்கத்தான் வேண்டும், திருப்பியதும் சார்ட்டில் கையெழுத்து.

மே 16
பாட்டி கோலார் தங்கவயல்காரர். கன்னடம் சரளமாகப் பேசுவாராம், மகன் சொன்னார். இப்போது தமிழ் மட்டும்தான் மிச்சம். "சங்கு ஊதிட்டாங்களா? அவருக்குச் சோறு கட்டணும்" என்று பத்து தரம் கேட்கிறார். சங்கு என்றால் சுரங்கத்தில் ஷிஃப்டுக்கு ஊதுவது. சுரங்கத்தை மூடியது 2001இல். இம்பால் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, என்ன கேட்கிறார் என்று விசாரித்தாள், சொன்னேன். போய்த் தன் டிபன் டப்பாவைக் கொண்டுவந்து பாட்டி கையில் கொடுத்தாள். பாட்டி மூடியை உள்ளங்கையால் அழுத்தி, சுற்றிலும் விரலை ஓட்டிச் சரிபார்த்து, திருப்பிக் கொடுத்தார். அப்புறம் ஒரு மணி நேரம் கேட்கவே இல்லை.

மே 17
மழை. குதிகால் அப்படியே.

மே 19
மணி 10.40. ஏழாம் படுக்கைச் சார்ட்டில் 12 மணிக்கும் 2 மணிக்கும் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது. ஓசூர்ப் பெண்ணின் கையெழுத்து.

மே 20
தூக்கம் இல்லை. வேறு யாராவது செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது, அந்தச் சூட்டைக் கையால் தெரிந்துகொண்டவள் செய்திருக்கிறாள். ரிப்போர்ட் எழுதினால் கிளினிக்கல் மார்க் போய்விடும், அப்பா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார். எழுதாமல் விட்டால் நாளைக்கு ஏதோ ஒரு வார்டில் அந்தக் கையெழுத்தை நம்பி யாரோ ஒருவர் திரும்பாமலே கிடப்பார். நானும் இரண்டாம் வருடத்தில் ஒருமுறை டெம்பரேச்சர் பார்க்காமல் எழுதியிருக்கிறேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. இன்னும் அந்த நோயாளியின் முகம் நினைவிருக்கிறது.

மே 21
தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அழவில்லை. "பதினொரு பேரால தானா திரும்ப முடியாது மேடம். ஒருத்தரைத் திருப்ப ரெண்டு பேர், ஆறு நிமிஷம். பதினொண்ணுக்கும் அறுபத்தாறு நிமிஷம். ரெண்டு மணி நேரத்துல சாப்பாடு, ட்யூப் ஃபீட், டயப்பர் எல்லாம் எப்போ?" கணக்கு சரி. தனியாளாக இழுத்தால் தோல் உரசிக் கிழியும், அதையும் சொல்லிக்கொடுத்தது நான்தான். சரி, செய்ய முடியாத இடத்தைக் காலியாக விடு, பக்கத்தில் ஏன் என்று எழுது என்றேன். "காலியா இருந்தா எங்களைத்தானே மேடம் திட்டுவாங்க?" உன் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கும் என்றேன்.

மே 22
ஒரே நாளில் ஒன்பது காலி இடம். சார்ட்டை எடுத்துக்கொண்டு பொறுப்பாளரிடம் போனேன். இத்தனை வருஷம் எல்லாம் நிரம்பித்தானே இருந்தது என்கிறார். இராத்திரிக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 24
பதில் இல்லை.

மே 26
இம்பால் பெண் தமிழில் "சங்கு இன்னும் ஊதல பாட்டி" என்கிறாள். பாட்டி நிம்மதியாகப் படுக்கிறார். இந்தப் பதில் சரியா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மே 28
காலை 8 மணிச் சார்ட்டில் காலி. பக்கத்தில், "ஆள் இல்லை. 8.35க்குத் திருப்பினோம். இடது குதிகால் இன்னும் சூடு, நேற்றைவிடக் குறைவு." எழுத்து ஓசூர்ப் பெண்ணுடையது. கீழே என் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்தேன்.