மூன்றாவது குவளை

இன்று சூளையைத் திறந்ததும் முதலில் தேடியது அந்த ஒரு குவளையைத்தான். விரல் மூட்டு வலியால் சின்னக் கைப்பிடியைப் பிடிக்க முடியாத பக்கத்து வீட்டு அக்காவுக்காக, நான்கு விரலும் நுழைகிற மாதிரிச் செய்தது.

முதல் குவளை, முழுசாகக் காயும் முன்பே அவசரப்பட்டுச் சுட்டதில் வெடித்தது. உள்ளே மிச்சமிருக்கும் நீர் 100 டிகிரி தாண்டியதும் ஆவியாகி மண்ணைப் பிளந்துவிடும். தெரிந்தும் செய்தேன்! அடுத்ததில் கைப்பிடி மட்டும் சீக்கிரம் காய்ந்து சுருங்கி, ஒட்டிய இடத்தில் விரிசல். அப்புறம்தான் துணி சுற்றி 10 நாள் பொறுமையாகக் காயவிட்டேன்.

டிசைன் எல்லாம் எங்கிருந்து பிடிக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் இப்படி யாராவது ஒருவரின் கையிலிருந்துதான்.

குவளை தப்பித்துவிட்டது. லேசாகச் சாய்ந்திருக்கிறது, சரி, போகட்டும். அக்கா இன்னும் பார்க்கவில்லை.